பக்கத்து வீட்டுக்குச் சொல்லாதது

எங்கள் லயத்தில் பத்து வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி வழியாக முப்பத்தாறு வருஷம் நாங்கள் இருவரும் உப்புக் கேட்டிருக்கிறோம், மணி கேட்டிருக்கிறோம், சண்டையும் போட்டிருக்கிறோம். அவளுக்கு நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்ன கதையைத்தான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான், மெல்லத்தான் போகும். படிக்கிறவர்களும் மெல்ல வரலாம், அவசரம் ஒன்றுமில்லை.

மூணாற்றிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தேயிலை எஸ்டேட் டிவிஷன். நானும் அவளும் ஒரே வருஷம் பேர் பதிந்து வேலைக்குச் சேர்ந்தோம். தேயிலைச் செடி வரிசையை நாங்கள் நிரை என்போம். ஆளுக்கொரு நிரை, பக்கத்துப் பக்கத்தில். என் கை வேகத்துக்கு இந்த டிவிஷனில் ஈடு கிடையாது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது. அவளுக்குக் கை கொஞ்சம் தாமதம், வாய்தான் வேகம். என் நிரையை முடித்துவிட்டு அவள் நிரையின் எதிர்முனையில் இறங்கிக் கொழுந்து பறித்துக்கொண்டே வருவேன். நடுவில் இருவரும் சந்திப்போம். "வந்துட்டாளே கலெக்டரு" என்பாள். அவ்வளவுதான் அவள் நன்றி சொல்லும் விதம்.

உறவு ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் அவளுக்கு மதினி, அவள் எனக்கு மதினி. அவள் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவள் போனால் அவள் வீட்டுக் கோழியை நான் அடைப்பேன். கிறிஸ்மஸுக்கு என் வீட்டு முறுக்கு முதலில் போவது அவள் வீட்டுக்குத்தான். அவள் சாமியை நான் ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. என் ஆண்டவரைப் பற்றியும் அவளிடம் ஒரு சொல் பேசியதில்லை. இதைத்தான் ஊரில் நல்ல பழக்கம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவோம். பிடியரிசி என்று பேர். மாதக் கடைசி ஞாயிறு அதை எங்கள் வேதக்கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். அதை விற்ற காசு, வடக்கே ஊழியத்துக்குப் போனவர்களுக்குப் போய்ச் சேரும். என் அம்மா போட்டாள், நானும் போட்டேன். வீட்டில் இரண்டு வேளைதான் உலை கொதித்த காலத்திலும் அந்தப் பிடி தப்பியதில்லை. அதோடு என் கடமை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

போன மழையில் பைப்படிக்குப் போகிற பாதையில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மகனுக்கு ஜீப் ஓட்டம், மருமகள் தேயிலைக் காட்டுக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும். பக்கத்து வீட்டு மதினி தன் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரிசியை அளந்தாள். ஒரு பிடி அள்ளினாள். நேராகப் போய் அந்த டப்பாவைத் திறந்து போட்டாள்.

"யாரு மதினி ஒனக்குச் சொன்னது, அதுல போடச் சொல்லி?" என்றேன்.

"சொல்லணுமாக்கும்? முப்பது வருஷமாப் பாக்கேன். ஒனக்குக் கை ஒடிஞ்சதுக்கு ஒங்க ஆண்டவரு ஏன் பட்டினி கெடக்கணும்?" என்றாள். பிறகு, "ஆமா, இது எங்கதான் போகுது?"

"வடக்க போகுது. நம்ம ஆளுக அங்க போயி ஆண்டவரப் பத்திச் சொல்லுதாக. கேள்வியே படாத சனங்க இருக்காகள்ல."

அரிசியில் வைத்த கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் ஒரு பக்கம் கோணியது. கிண்டல் வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஏ மதினி, கேள்விப்படாதவளத் தேடியா அம்புட்டுத் தூரம் ஆளு அனுப்புதீக? ரயிலேறவே வேண்டாமே. இந்தா நிக்கேன்ல!"

சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பில்லாமல் கேட்டாள். "சரி, அங்க போயி அவுக என்னதான் சொல்லுதாக?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் எங்க கோயில் ஐயா வந்தாக் கேளு. நமக்கு எங்க அம்புட்டுத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தேன்.

அவள் "சரி" என்று சொல்லி அரிசியைக் களைந்தாள். எடையில் யார் இலையைக் குறைத்தாலும் தராசடியில் நின்று கேட்கிறவள் நான். மானேஜர் முன்னால் குரல் தாழ்த்தாதவள். அன்றைக்கு ஒரு கேள்விக்குப் பயந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். அந்த வெட்கம் மணிக்கட்டைவிட அதிகமாக வலித்தது.

மழை விட்டுக் கை கூடியபோது அவளுக்கு முழங்கால் போய், வேலையை விட வேண்டியதாகிவிட்டது. எஸ்டேட் சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலைக்கு ஆள் இல்லாத வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் மருமகள் வேலையில் இருப்பதால் எனக்கு வீடு இருக்கிறது. அவளுக்கு ஒரே மகன், அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு வண்டி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டான்.

இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் சொல்லவில்லையென்றால் இனி எப்போது சொல்வேன்? சொன்னால், போகிற நேரத்தில் கூடவா இவள் ஆள் பிடிக்கப் பார்த்தாள் என்று அவள் நினைத்துவிட்டால்? முப்பத்தாறு வருஷத்துச் சிநேகம் ஒரு மத்தியானத்தில் கெட்டுப்போகுமே. இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் பார்த்து எங்கள் கோயிலில் ஒரு வகுப்பு வைத்தார்கள். சாதாரண விசுவாசிகளும் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று வகுப்பு. கீழ்நாட்டிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். நல்ல பிள்ளை. ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுத்து, ஐந்து குறிப்பை மனப்பாடம் பண்ணச் சொன்னார். எனக்கு இரண்டாவது குறிப்பு பாதி வரும்போது முதல் குறிப்பு போய்விடும். எங்கள் கோயில் கமிட்டிக்காரர் எழுந்தார். முன்னாளில் காட்டில் எங்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவர்.

"வயசான அம்மாமாரு சிரமப்பட வேண்டாம்" என்றார். "எழுத்து தெரியாதவுக போயி ஏதாவது தப்பாச் சொல்லிருவீக. காலமும் சரியில்ல. எவனாவது போன்ல பிடிச்சுப் போட்டான்னா கோயிலுக்கே பிரச்சினை. படிச்ச பிள்ளைக பாத்துக்கிடட்டும். நீங்க வீட்டுல இருந்து ஜெபம் பண்ணுங்க."

பெண்கள் பக்கத்தில் பாதிப்பேருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. நான் எழுந்தேன்.

"அண்ணாச்சி, ஜெபம் பண்ணுறதுக்கு எழுத்து வேண்டாம், சொல்லுறதுக்கு மட்டும் எழுத்து வேணுமா?"

"அப்படி இல்லம்மா..."

"எனக்குப் பேறுகாலம் பாத்த மருத்துவச்சி கைநாட்டு. பிள்ளை தப்பாவா பெறந்துச்சு? காட்டுல எங்க இலைய எட போட்டீக, சரி. கோயிலுக்குள்ளயும் தராசத் தூக்கிட்டு வராதீக."

சிரிப்பு எழும்பியது. அவர் முகம் சிவந்தது. "பிரச்சினை வந்தா யாரு பதில் சொல்லுவா?"

"நாந்தான். நான் ஒருத்தர் வீட்டுக்கும் அரிசி கொண்டுபோயி ஆசை காட்டப் போகல. அவுக சாமியப் பழிக்கப் போகல. வாங்கன்னு கையப் பிடிச்சு இழுக்கப் போகல. எனக்கு நடந்தத என் சிநேகிதக்காரிட்ட சொல்லப் போறேன். என்னமும் செய்யுங்க, அதச் சொல்லாம மட்டும் இருக்க மாட்டேன்."

அந்தத் தம்பி தலை குனிந்துகொண்டு சிரித்தார். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அம்மா, அப்ப ஒங்களுக்கு நடந்தது என்ன?" என்று கேட்டார்.

"மொதல்ல அவளுக்குச் சொல்லிட்டு வாரேன் தம்பி. அவ முப்பத்தாறு வருஷமா வரிசையில நிக்கா" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தால் மகன். அவனுக்குச் செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. "எம்மா, ஜீப்புல எல்லாச் சனமும் ஏறுது. நமக்கு எதுக்கு வம்பு? நல்லபடியா நடந்துகிட்டாப் போதும், நம்ம நடத்தையப் பாத்தே தெரிஞ்சுக்கிடுவாக" என்றான். இந்தச் சொல்லை நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரிய வந்தது மறுநாள் மத்தியானம்தான்.

லயத்துக்குப் பின்னால் அவளுக்கு ஒரு பாத்தி உண்டு. பீன்ஸும் சேம்பும் போட்டிருந்தாள். யாருக்கும் விட்டுப்போக மனசில்லாமல் காய்களை ஒட்டப் பறித்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்முனையில் இறங்கிப் பறிக்க ஆரம்பித்தேன். நடுவில் வந்ததும் நிறுத்தினேன்.

"மதினி, அன்னைக்கு ஒரு கேள்வி கேட்ட. நான் சுவத்தப் பாத்துப் படுத்துட்டேன்."

"ஆமா, படுத்த. நல்லாக் கொறட்டை விடுத மாதிரி நடிச்ச."

"இப்பச் சொல்லுதேன். கேக்கியா?"

"பீன்ஸப் பறிச்சுக்கிட்டே சொல்லு. வெயில் போயிரும்."

எனக்கு ஐந்து குறிப்பும் நினைவில் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்கினேன். என் வீட்டுக்காரர் இறந்தபோது, பிரேதத்தை எடுக்கிற நேரத்தில், அவர் அண்ணன் ஊர் நடுவில் நின்று, "இவ கவனிக்காமத்தான் என் தம்பி செத்தான்" என்றார். ஏழு மாதம் நான் தூக்கிக் குளிப்பாட்டிய மனுஷன். அன்றைக்கு என் பக்கத்தில் நின்று, அந்த அண்ணனைக் கிழி கிழியென்று கிழித்தவள் இதே மதினிதான். அவர் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணினேன். ஒன்பது வருஷம் மிதிக்கவில்லை. பிறகு அவருக்குக் கைகால் விழுந்து, கீழ் டிவிஷனில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பிள்ளைகள் எட்டிப் பார்க்கவில்லை. நான் சனிக்கிழமை தோறும் இறங்கிப் போய் அவரைத் துடைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தேன், அவர் போகும்வரை. அப்போது இந்த மதினி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மானங்கெட்டவள் என்று சுவருக்கு மேலே சொல்லுவாள், எனக்குக் கேட்கட்டும் என்று.

"ஏன் போனேன்னு ஒனக்குத் தெரியாதுல்ல?" என்றேன்.

"தெரியாம என்ன? ஊருல நல்ல பேரு எடுக்கணும்னு போன."

பறித்த காயைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"அப்படியா நெனச்ச?"

"பின்ன எப்படி நெனைக்க? நீதான் ஒண்ணுஞ் சொல்லலியே. நீ பெருமைக்காரி. எல்லாரும் ஒன்ன மகராசின்னு சொல்லணும், அந்த ஆளு ஒன் கையால குடிச்சுட்டு வெக்கப்படணும். அதுக்குத்தான் போறான்னு நெனச்சேன். ஊரும் அதத்தான் பேசுச்சு. ஒன்னப் பாராட்டித்தான் பேசுச்சு, கவலப்படாத."

என் நடத்தையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்றேனே, இதைத்தான் தெரிந்துகொண்டார்கள். வாய் திறக்காமல் செய்ததால் அந்த நன்மை முழுவதும் என் பேரில் ஏறிவிட்டது. கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன்.

"இல்ல மதினி" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்குப் போக மனசே இல்ல. அவரு புழுத்துச் சாவணும்னு இருந்தேன். நிரையில ஒம் பக்கத்துல நின்னு கொழுந்து கிள்ளும்போது, ஒவ்வொரு கிள்ளுக்கும் அவரு கழுத்த நெனச்சுக் கிள்ளுவேன். ஒனக்குத் தெரியாது. எங்க ஆண்டவரு, தனக்கு ஆணி அடிச்சவனுக்காக வேண்டிக்கிட்டவரு. அவரக் கும்பிட்டுக்கிட்டு இந்த வெசத்தையும் வச்சுக்கிட முடியல. அவருதான் என்னப் போகச் சொன்னாரு. மொத நாளு அந்த வாசல்ல நின்னு அழுதேன், பாசத்துல இல்ல, ஆத்திரத்துல. நாலாவது வாரம் அந்த மனுசன் வாயத் துடைக்கும்போது பாக்கேன், அந்த வெசத்தக் காணோம். நான் எறக்கி வைக்கல மதினி. ஆண்டவரு எடுத்துட்டாரு. அவரு எனக்காகவும் செத்தாரு, எந்திரிச்சாரு, உசுரோட இருக்காரு. அதான் வடக்க போயிச் சொல்லுதாக. வேற ஒண்ணும் இல்ல."

அவள் ஒரு முற்றல் காயை உடைத்து விதையைத் தட்டினாள்.

"இத எங்கிட்ட அப்பமே சொல்லிருந்தா நான் ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேனா?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். "நல்ல கதையச் சொல்லாம வச்சிருந்திருக்க. களவாணி."

"நீ என்ன நெனைப்பியோன்னு..."

"நான் என்ன நெனைச்சா ஒனக்கு என்ன? எங்க ஆத்தாவப் பத்தி நான் ஒங்கிட்டப் பேசாமயா இருந்தேன்? தீச்சட்டி எடுத்த கதைய எத்தன தரம் சொல்லிருப்பேன். நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த. கோவிச்சா போயிட்ட?" பீன்ஸ் கூடையை என் இடுப்பில் வைத்து அழுத்தினாள். "நான் எங்க ஆத்தாள விட மாட்டேன், கேட்டுக்க. ஆனா நீ சொன்னதக் கேட்டுக்கிட்டேன்."

அவ்வளவுதான் அவள் பதில். நான் எதிர்பார்த்துப் பயந்த சண்டையும் வரவில்லை, கோயிலில் கதையாகச் சொல்லும் முடிவும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கியது.

வண்டி வந்த ஞாயிறு லயமே வாசலில் நின்றது. கட்டிலும் பாத்திரமும் ஏற்றியாயிற்று. ஆராதனை முடிந்து கமிட்டிக்காரரும் அந்த வழியாக வந்து நின்றார். மதினி வண்டிப் படியில் கால் வைத்தவள் திரும்பி இறங்கினாள்.

"மதினி, ஒங்க ஆண்டவர்ட்ட எனக்கு ரெண்டு வார்த்தை சொல்லு. நீ வாய்க்குள்ள மொணமொணப்பியே, அப்படி வேண்டாம். எனக்குக் கேக்கணும்."

அவள் மகனுக்குச் சங்கடம். "எம்மா, நேரமாகுது. இதெல்லாம் இப்ப எதுக்கு? அத்தை, தப்பா நெனச்சுக்கிடாதீக."

கூட்டத்தில் ஒரு இளவட்டம் போனைத் தூக்கிப் பிடித்தான். கமிட்டிக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார். மதினி அந்த இளவட்டத்தைப் பார்த்து, "எடுப்பா, நல்லா எடு. எம் மொகம் தெளிவா விழுதா? எங்க மதினி எனக்கு வேண்டுதா, நான் கேட்டு வேண்டுதா. அதையும் சேத்துப் போடு" என்றாள்.

நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அவள் தோளில் கை வைத்து, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்க மஸ்டரில் பேர் கூப்பிடும் குரலில் வேண்டினேன். அவள் முழங்காலுக்குப் பெலன் கேட்டேன். புது ஊரில் தண்ணீர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவள் மருமகளுக்குப் பொறுமை கொடும் என்றதும், "எனக்கும் சேத்துக் கேளு" என்று நடுவில் குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள். இந்தப் பிள்ளையை நீர் அறிவீர், உம்மையும் இவள் அறிய வேண்டும், இயேசுவின் பேரால் கேட்கிறேன் என்று முடித்தேன். ஆமென் என்றேன். அவளும் சொன்னாள். பிறகு மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, அவளே குனிந்து வண்டிச் சக்கரத்துக்கடியில் வைத்தாள். வண்டி அதை நசுக்கிக்கொண்டு போனது.

கமிட்டிக்காரர் என்னிடம் வந்தார். "ஆமென் சொன்னா, எலுமிச்சம்பழமும் வச்சா. இதுல என்னம்மா பிரயோசனம்?"

"விதைக்கிற அன்னைக்கே கதிரு கேப்பீகளா அண்ணாச்சி?" என்றேன். "நீங்க இத்தன வருஷத்துல யாருகிட்டச் சொன்னீக? ஒரு பேரு சொல்லுங்க, நான் ஒத்துக்கிடுதேன்."

அவர் வண்டி போன பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை மட்டும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவரிடம் கேட்ட அதே கேள்வியை யாராவது அதற்கு முந்தின மாதம் என்னிடம் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். போனில் பிடித்த படத்தை வைத்து நாலு நாள் பேசினார்கள். மகனின் ஜீப்பில் ஏறாமல் இரண்டு பேர் நடந்து போனார்கள். பிறகு மழை வந்தது, ஏறிக்கொண்டார்கள்.

இப்போது வாரம் ஒருமுறை திருப்பூரிலிருந்து போன் வருகிறது. போன வாரம் பேசும்போது, பக்கத்து வீட்டில் அக்காவும் தங்கச்சியும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லாமல் இருக்கிறார்கள் என்றாள். மூத்தவள் வந்து இவளிடம் அழுதாளாம்.

"நான் ஒங் கதையத்தான் சொன்னேன் மதினி. கஞ்சி குடுத்தியே, அத. இவளா எறக்கி வைக்கல, அவுக ஆண்டவரு எடுத்துட்டாராம்னு நீ சொன்ன மாதிரியே சொன்னேன். சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன."

"அந்தப் பிள்ளை, அது யாரு அந்த ஆண்டவருன்னு கேக்குது. எனக்கு அதுக்கு மேல தெரியல. ஒன் நம்பரக் குடுத்துட்டேன். கூப்பிடுவா. சுவத்தப் பாத்துப் படுத்துக்கிடாத!"

கூப்பிட்டாள். நான் சொன்னேன். எழுத்துக் கூட்டுகிறவள் சொன்னதைத் திருப்பூரில் ஒருத்தி கேட்டாள்.

என் மதினி ஞானஸ்நானம் வாங்கவில்லை, கோயில் படி ஏறவில்லை, ஐந்து குறிப்பில் ஒன்றுகூடத் தெரியாது. கேட்டது ஒரே ஒரு தடவை, பீன்ஸ் பாத்தியில் நின்று. அவளுக்கே அதை அடக்கி வைக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற நீங்களும் நானும் யாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்? யாராவது தடுத்தால் என்னைக் கைகாட்டிவிடுங்கள். இந்த டிவிஷனில் வந்து கேட்கட்டும், வாசலிலேயே நின்று பதில் சொல்லுகிறேன்.